1905 பெங்களூரில் ஒரு ஸ்மார்ட்போன் என்ன செய்யும்?

கேள்வி: பெங்களூரில் கல்லூரியில் படிக்கிறேன். பதின்ம வயதினருக்காகத் தமிழில் ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அல்சூரில் வசிக்கும் 16 வயதுப் பெண் 2025 ஆகஸ்டிலிருந்து 1905 ஆகஸ்டுக்குப் போய்விடுகிறாள். கையில் ஸ்மார்ட்போன், பையில் சார்ஜர். போனை வைத்து ஊரையே அசத்துகிறாள். இதில் அறிவியல் எங்கே இடிக்கும்? கால இயந்திரத்தை எவ்வளவு தூரம் விளக்க வேண்டும்?

பதில்: இயந்திரத்தைவிட போனில்தான் அதிகம் இடிக்கும். கால இயந்திரம் என்ற கற்பனையை வாசகர் முதல் அத்தியாயத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுவார். போன் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார், அது அவருக்கு அத்துப்படி. போன் என்று நாம் சொல்வது கையில் இருக்கும் அந்தக் கண்ணாடிச் சில்லு மட்டும் இல்லை. அதன் பின்னால் கோபுரம், செயற்கைக்கோள், சர்வர், மின்வாரியம், வங்கி எல்லாம் நிற்கின்றன. அவை இல்லாத ஊரில் அந்தப் பெண் என்ன செய்வாள் என்பதுதான் உங்கள் நாவல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரை அசத்துவது ஒரு காட்சிக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

நீங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டு அருமையான ஆண்டு. தெரிந்து எடுத்தீர்களோ, தானாக அமைந்ததோ. 1905 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை, பெங்களூரின் பழைய ஊரான பேட்டையில் சிட்டி மார்க்கெட் பக்கம் மின்சாரத் தெருவிளக்கு எரியத் தொடங்கியது. இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கத்தை அறிவித்தார்கள். அதே மாதம் சென்னையில் பாரதியை ஆசிரியராகக் கொண்டு ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் பத்திரிகை தொடங்கியது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரை ஜூன் 30 அன்றே ஜெர்மன் ஆய்விதழின் கைக்குப் போய்விட்டது, ஆனால் அச்சாகி வந்தது செப்டம்பர் 26 அன்று. உங்கள் நாயகி வந்து இறங்கும் சனிக்கிழமையில், நேரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்று சொல்லும் அந்தக் கட்டுரை இன்னும் வெளிவராமல் கிடக்கிறது. ‘ஆகஸ்ட்’ என்று பொதுவாக விடாமல் அந்த ஒரு நாளையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பார்கள். 2025 சித்திரையில் பிறந்தது விசுவாவசு வருஷம். தமிழ் வருஷங்கள் அறுபது சுற்றி மறுபடி வரும். அப்படியானால் 1965 விசுவாவசு, 1905உம் விசுவாவசு. இயந்திரம் ஏன் நூறு ஆண்டு போகாமல் சரியாக 120 ஆண்டு போனது என்று கேட்டால், நாயகியின் பாட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது. நடுவில் இருக்கும் 1965ஐயும் வீணாக்காதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. ‘ஆசியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த ஊர் பெங்களூர்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கல்கத்தாவில் 1899லேயே மின்சாரம் விற்கத் தொடங்கிவிட்டார்கள். பெங்களூருக்குப் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. காவிரியில் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரத்தை 1902இல் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் அது உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. முதலில் சுரங்கத்துக்கு, மூன்று வருஷம் கழித்துத்தான் ஊருக்கு.

சரி, போனுக்கு வருவோம்.

சிக்னல் இல்லை. ஜி.பி.எஸ். இல்லை, அதன் முதல் செயற்கைக்கோளே 1978இல்தான் மேலே போனது. மேப் நீலப்புள்ளி இல்லாமல் வெறுமையாக நிற்கும். குரலுக்குப் பதில் சொல்லும் உதவியாளர்களில் பெரும்பாலானவை சர்வரில் யோசிப்பவை, அதனால் வாய் திறக்காது. யு.பி.ஐ. போயே போச்சு. 1905இல் வெள்ளி ரூபாய், அதற்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. அவள் சில்லறைப் பையில் இருக்கும் எவர்சில்வர் நாணயத்தை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

வேலை செய்பவை: டார்ச், கேமரா, கால்குலேட்டர், இறக்கி வைத்த புத்தகங்கள். அப்புறம் திசைகாட்டி. அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை, உள்ளே இருக்கும் சில்லு பூமியின் காந்தப்புலத்தை நேராக உணர்கிறது. ஊரில் பாதி சாலைகள் இல்லாத 1905இல் அல்சூரிலிருந்து பேட்டைக்கு மேற்கு நோக்கி நடக்க அது ஒன்று போதும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் கடிகாரம். அவள் போன் இந்திய நேரம் காட்டுகிறது. ஆனால் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பது 1906 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது, அவள் வந்த நாளிலிருந்து ஐந்து மாதம் கழித்து! அதுவரை ரயில்வேக்கு மதராஸ் நேரம். அது இன்றைய நேரத்துக்குச் சுமார் 9 நிமிஷம் பின்னால். பெங்களூரின் வெயில் நேரமோ சுமார் 20 நிமிஷம் பின்னால். அவள் போன் மாலை 6:00 என்று காட்டும்போது கன்டோன்மென்ட் ஸ்டேஷன் கடிகாரம் 5:51, வெயிலை நம்புகிறவருக்கு 5:40. “உன் கடிகாரம் வேகமாக ஓடுது பாப்பா” என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வதும் தப்பில்லை.

சரி, தேதியை மாற்றிவிடலாம் என்று செட்டிங்ஸுக்குள் போவாள். அங்கே 1905 இருக்காது. இன்றைய போன்கள் உள்ளுக்குள் 1970 ஜனவரி 1லிருந்து வினாடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன, அதற்கு முந்தைய தேதியை வைக்க விடாது. அதனால் அவள் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் 2025 என்றுதான் பதியும். ஊருக்குத் திரும்பி வந்து காட்டினால் யார் நம்புவார்கள்? இந்த முடிச்சைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சார்ஜ். பீன்யா தொழிற்பேட்டையில் பவர் சப்ளை வடிவமைத்தே காலம் தள்ளியவன் நான், இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் வீடு தேடும் அல்சூர் பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த கன்டோன்மென்டைச் சேர்ந்தது. விளக்கு எரிவது மைசூர் மகாராஜாவின் பேட்டையில். இரண்டும் தனித்தனி நிர்வாகம், 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. பேட்டைக்கே போனாலும் அங்கே இருப்பது தெருவிளக்கு. சுவரில் பிளக் பாயின்ட் இருக்காது. ஒரு மின்ஊழியரைச் சரிக்கட்டிக் கம்பியைத் தொட்டாலும், சிவனசமுத்திரத்தில் உற்பத்தியானது 25 சைக்கிள் மின்சாரம், இன்றைய சொல்லில் 25 ஹெர்ட்ஸ். அவள் சார்ஜரில் 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே முதல் வேலையே அதை நேர்மின்சாரமாக்குவதுதான் என்பதால் குறைந்த சுமையில் 25லும் தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே எத்தனை வோல்ட் வருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தப்பினால் சார்ஜர் புகைந்துவிடும், இன்னொன்று வாங்க இன்னும் நூறு வருஷம் ஆகும்.

நான் எழுதினால் அவளைத் தந்தி ஆபீஸுக்கு அனுப்புவேன். தந்தி ஓடியது மின்கலங்களில். டேனியல் செல் என்பது பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படம் வரைந்ததுதான்: செம்பு, துத்தநாகம், மயில்துத்தக் கரைசல், நடுவே நீர் கசியும் மண்குவளை. ஒன்று ஏறக்குறைய 1.1 வோல்ட் தரும். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 5.5, போன் இழுக்க ஆரம்பித்ததும் இறங்கி 5க்குப் பக்கத்தில் வரும். போனுக்கு வேண்டியது 5. தந்தி ஆபீஸில் விரட்டிவிட்டால் அவளே செய்துகொள்ளலாம். குயவர் பகுதியான பாட்டரி டவுனில் இன்றும் சக்கரம் சுற்றுகிறதே, அது மாதிரி ஒரு குயவரிடம் மெருகு பூசாத சிறு சட்டி ஐந்து வாங்க வேண்டும். மயில்துத்தம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். சார்ஜர் கேபிளை வெட்டி உள்ளே இருக்கும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளைச் செல்லில் இணைக்க வேண்டும். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி., மறுமுனை டைப் சி என்று இருக்கும் கேபிளானால் இது நடக்கும், போன் பக்கத்து முனைக்குள்ளேயே அதற்கான மின்தடை வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் டைப் சி என்றால், எதிரே முறையான சார்ஜர் இருப்பதாக அடையாளம் தெரியாமல் போன் சும்மா கிடக்கும். பையில் எந்தக் கேபிள் இருந்தது என்பதை முதல் அத்தியாயத்திலேயே போகிறபோக்கில் சொல்லிவிடுங்கள்.

கணக்கும் போட்டுவிடுவோம். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் சுமார் 19 வாட் மணி ஆற்றல். மண்சட்டிச் செல் பலவீனமானது, 0.1 ஆம்பியர் தந்தால் பெரிது. போனை அணைத்து வைத்து, இழப்பையும் சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ 50 மணி நேரம். ஐந்து சட்டிக்கும் சேர்த்து 30 கிராம் துத்தநாகமும் 120 கிராம் அளவுக்கு மயில்துத்தமும் கரையும். கொஞ்சம்தான், ஆனால் ஒரு முழு சார்ஜுக்கு இரண்டு பகல் இரண்டு இரவு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும், பூனை தட்டிவிடாமல் பார்க்க வேண்டும். 1905இன் ஒரு பையனோ பெண்ணோ அவளுக்குத் தோழமையாவது அந்த இரண்டு நாளில்தான். போனைக் காட்டி அசத்துவதைவிட, போனுக்குச் சோறு ஊட்ட உதவி கேட்பதில் கதை நன்றாக நகரும்.

தொழில்நுட்ப வியப்பு ஒன்றாவது வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜகதீச சந்திர போஸ் 1895லேயே கல்கத்தாவில் கம்பியில்லா அலைகளைச் செய்து காட்டிவிட்டார். கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தை வைத்து அவர் செய்த உணர்கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நாயகி போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அது வினாடிக்குச் சுமார் பத்து முறை அலை அனுப்பும். அந்தப் படிகத்தையும் ஒரு டெலிபோன் காதுக்குழலையும் சேர்த்துப் போனுக்கு மிக அருகில் பிடித்தால், மெல்லிய டிக் டிக் கேட்க வாய்ப்பு உண்டு. 1905இன் பொருளும் 2025இன் பொருளும் பேசிக்கொள்ளும் ஒரே காட்சி இதுதான். திரையில் சினிமா காட்டி ஊரை மயக்குவதைவிட இது எனக்கு உயர்வாகப் படுகிறது.

இனி இயந்திரம். ஒரே ஒரு விதி போதும், விளக்கம் அரைப்பக்கம் தாண்ட வேண்டாம். எதிர்காலத்துக்குப் போவது இயற்பியலில் நடப்பதுதான், மிகச் சின்ன அளவில். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோவினாடி முந்தும், அதைச் சரிசெய்யாவிட்டால் மேப் கெட்டுவிடும். இறந்தகாலத்துக்குப் போவதுதான் தகராறு. 1988இல் மாரிஸ், தோர்ன், யுர்ட்செவர் மூவரும் புழுத்துளையை, அதாவது வெளியில் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியை, கால இயந்திரமாக்கலாம் என்று ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை வருகிறது: இயந்திரம் உருவான நாளுக்கு முன்னால் யாரும் போக முடியாது. வெளியே வர அங்கே ஒரு வாசல் இருந்தாக வேண்டுமே. அதனால் நாயகி 1905இல் இறங்கினால், 1905லேயே பெங்களூர்ப் பக்கம் வாசல் ஒன்று இருந்திருக்கிறது. அதை வைத்தது யார்? நீங்கள் இயற்பியலை மதித்தாலே மர்மம் இலவசமாகக் கிடைக்கிறது.

வாசலை எங்கே வைப்பது என்றால், கோலார் தங்கவயல். பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த சுரங்கம், அல்சூரில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சொந்தக்காரர் இருப்பார். நமது 1965 இங்கேதான் வருகிறது. அந்த ஆண்டில் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை, அதாவது எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளை, அடையாளம் கண்டார்கள். உலகில் அதை முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அவ்வளவு ஆழம் எதற்கு? விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற துகள்களின் மழை மேலே ஓயாது.

மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. ஒளியின் வேகத்தில் பறந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது தரைக்கு வந்து சேர்கிறது, நம் உள்ளங்கை வழியாகவே வினாடிக்கு ஒன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. அத்தனை வேகத்தில் போகும் பொருளுக்கு நேரம் மெதுவாக ஓடுகிறது, அதனால் வந்துவிடுகிறது. காலப்பயணத்தைப் பதினாறு வயது வாசகருக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மியூவான் மழையை வடிகட்டத்தான் அவர்கள் பாறைக்கு அடியில் போனார்கள். உங்கள் வாசலுக்கும் அதே காரணம் பொருந்தும்: இப்படிப்பட்ட துகள்களின் தொந்தரவு ஆகாத ஒரு பொருள், ஆழத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, இனி தேடிப் போவதும் சுலபமில்லை.

இறந்தகாலத்தில் தன் தாத்தாவையே கொன்றால் தான் எப்படிப் பிறந்திருப்பாள் என்ற முரணுக்குள் போகாதீர்கள், அது சலித்துப்போன பாதை. அவள் செய்தவை எல்லாம் ஏற்கெனவே நடந்தவைதான் என்று வைத்துக்கொண்டால் கதை இறுக்கமாக இருக்கும். ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் போடலாமே என்ற ஆசை அவளுக்கு வரட்டும், தபால் கப்பல் செப்டம்பருக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பொருளும் ஆற்றலும் ஒன்று என்ற புகழ்பெற்ற கட்டுரை செப்டம்பர் 27 அன்றுதான் இதழுக்குப் போகிறது. அவள் எழுதினாளா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். நானாக இருந்தால் எழுத வைத்து, தபால் தலைக்குக் காசில்லாமல் நிறுத்துவேன்.

ஊர் விவரங்களில் இரண்டு மட்டும். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்தது கன்னடம். உங்கள் நாயகி அப்படிப்பட்டவளா? என்றால் 1905இன் கன்னடப் பலகையை அவள் தடுமாறாமல் படிப்பாள், ‘சக்கரவர்த்தினி’யைக் கொடுத்தால் திணறுவாள். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவளுக்கும் ணை, லை, றா எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய உருவத்தில் எதிரே வந்து நிற்கும். இரண்டாவது, 16 வயதுப் பெண் தனியாக இருட்டில் பேட்டைக்கு நடப்பது. “நீ யார் வீட்டுப் பெண், உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. போனைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள். வானத்தையும் சரியாக எழுதிவிடுங்கள்: ஆடி மாதம், வளர்பிறை, மேற்கே மெல்லிய பிறை. அந்த ஆகஸ்ட் 30 அன்று சூரிய கிரகணம், ஆகவே அன்று அமாவாசை. அங்கிருந்து பின்னால் எண்ணினால் 5ஆம் தேதிப் பிறைக்கு நாலைந்து நாள் வயது.

கடைசியாக அந்தப் படத் தேதி முடிச்சு. அவள் பேட்டையில் எரியும் விளக்கை வீடியோ எடுக்கட்டும். 25 சைக்கிள் மின்சாரம் நேராக விளக்குக்குப் போயிருந்தால் அது வினாடிக்கு 50 முறை மங்கிப் பிரகாசிக்கும், இன்றைய 50 சைக்கிள் விளக்கு 100 முறை. போன் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் இந்தத் துடிப்பு திரையில் பட்டைகளாக விழும், 25 சைக்கிளில் பட்டைக்கும் பட்டைக்கும் இடைவெளி இரண்டு மடங்கு. பதிவில் படிந்த மின்சாரத் துடிப்பை வைத்து அது எப்போது பதிவானது என்று கண்டுபிடிப்பது தடயவியலில் இன்று உண்மையாகவே இருக்கும் முறை. 2025க்குத் திரும்பியதும் எல்லோரும் அவளைப் பொய்க்காரி என்கிறார்கள், போனும் 2025 என்றுதான் சொல்கிறது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பட்டைகளை எண்ண ஆரம்பிக்கிறார்.